மெத்தை கேட்ட அண்ணனார்க்கு

நீர் தாழ்க, நெல் உயர்க, கரை நிற்க. கரைமேல் நடப்போர் கால் சலியாதிருக்க.

காயலும் கழனியும் ஒருங்கே உடைய ஆம்பல் நாட்டை நெடுங்கரைமேல் நின்று புரந்தருளும் அல்லியங்கோதைத் தேவியாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் ஓலைநாயகம் வெள்ளைமாறன், தாய்மாமன் வழியில் செங்குன்ற நாடு பெற்று ஆள்பவரும், அருவிகளுக்கெல்லாம் தலைவரும், தேவியாருடன் ஒரு வயிற்றில் பிறந்த மூத்தவருமாகிய வேள் மலையமுதர் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் தேன் குறையாதிருக்கட்டும். தங்கள் அருவிகள் கோபமின்றி இறங்கி வரட்டும். அவை கோபித்துக்கொண்டு வந்தால் நனைவது கீழேயிருக்கும் நாங்கள் என்பதால், இவ்வாழ்த்தில் சிறிது தன்னலமும் உண்டு.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. இடுப்பில் வலி கண்டு மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பதாகவும், அசையலாகாதென்று மருத்துவர்கள் விதித்திருப்பதாகவும், தந்தையார் கடைசிவரை கிடந்த இலவம்பஞ்சு மெத்தையை அனுப்பிவைத்தால் அதன்மேல் கிடந்தே மீதி நாளைக் கழித்துவிடலாமென்று கருதுவதாகவும் அதில் கண்டிருந்தது. வாசித்து முடித்ததும் தேவியார் காயலைப் பார்த்தபடி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்கு நீளமாக ஒரு மறுமொழி எழுதுக என்று பணித்தார். எவ்வளவு நீளம் என்று இவ்வோலை எழுதுவோன் வினவ, அது எழுதப் போகையில் தெரியும் என்றார்.

அரச முத்திரை பொறித்த ஓலையை அரசர் நின்றுகொண்டே கேட்பதும், ஓலை வாசிப்போன் நிற்கும் இடத்துக்கு அரசரே செல்வதும் நம் இரு நாட்டுக்கும் பொதுவான மரபு. மலையில் பிறந்தவரும் நீரில் பிறந்தவரும் வேறு எதில் மாறுபட்டாலும் இதில் மாறுபட்டதில்லை. ஆகவே வேந்தர் எழுந்தருள வேண்டும்.

அஞ்ச வேண்டாம். தங்கள் மருத்துவர்கள் எழுதியனுப்பிய குறிப்புகளை எங்கள் மருத்துவி எயினி ஒன்றுக்கு இருமுறை படித்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, உடல் மெலியவில்லை, கால் மரத்துப் போகவில்லை, சிறுநீர் தடைப்படவோ தானே கழியவோ இல்லை என்று தெளிந்த பின்பே, நிற்கலாம் என்றார். நிற்கையில் கால் புதிதாக மரத்தாலோ வலுவிழந்து துவண்டாலோ வாசிப்போன் அவ்விடத்திலேயே நிறுத்திவிடுவான். மல்லாந்தபடி வெடுக்கென்று எழ வேண்டாம். முழங்கால்களை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே கையை ஊன்றி எழுந்திருங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பல்லைக் கடிக்கவும் வேண்டாம்; அதனால் பல்தான் தேயும்.

எழுந்தாயிற்றா? நன்று. முதல் ஏடு முடிந்தது. ஓலை வாசிப்போன் இப்போது சாளரத்தருகே செல்கிறான்.

தேவியாருக்கு வலி வந்த கதை வீரக்கதை அன்று. படகுப் போரில் வந்திருந்தால் புலவர்களுக்காவது வேலை கிடைத்திருக்கும். ஒரு காலையில் கைநழுவி விழுந்த நெற்கதிரை எடுக்கக் குனிந்தார், நிமிர முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஆம்பல் நாட்டில் அரசரின் இடுப்பு அரசருக்கு மட்டும் உரியதன்று என்பது தாங்கள் அறியாததா?

அரசரின் முதுகெலும்பும் காயலைத் தடுத்து நிற்கும் நெடுங்கரையும் ஒன்றே என்பது எங்கள் மக்களின் நம்பிக்கை. அரசர் முதுகு நொந்து படுத்தால் கரையும் நோகிறதென்று முரசறைவார்கள். அன்று தொட்டு, கரை இளைப்பாறட்டும் என்று எவரும் அதன்மேல் கால் வைப்பதில்லை. வண்டி ஓட்டுவதில்லை, மண்வெட்டி போடுவதில்லை. அரசர் எழுந்து அரண்மனை வாயிலிலிருந்து கடைமதகு வரை தம் காலால் நடந்தால்தான் கரை மீண்டும் திறக்கும். முதல் மழை விழுவதற்குள் அவர் நடக்கவில்லையெனில், காயல் நடுவேயுள்ள தீவின் துயில்மாடத்துக்கு அவரைப் படுக்கையோடு எடுத்துச் சென்று, கோலை அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அங்கே விசிறி உண்டு, யாழ் உண்டு, பன்னீர் உண்டு. திரும்பி வரப் படகு மட்டும் இல்லை.

தந்தையார் அங்கேதான் சென்றார். துடுப்புகளுக்குத் துணி சுற்றி, ஓசையே எழாமல் அவரைக் கொண்டுபோனார்கள். ஆண்டுதோறும் ஆம்பல் பூக்கும் நாளில் தாங்களும் தங்கையும் சிறு படகில் அத்தீவைச் சுற்றி வருவீர்களாம். மேல்மாடத்துச் சாளரத்தில் தந்தையாரின் கை தெரியுமாம். முதலில் அது தானே அசைந்தது. பின்னர் வேறு யாரோ அதைத் தூக்கி அசைத்தார்கள். தங்கை வருந்துவாளென்று தாங்கள் அதைச் சொல்லவில்லை. அண்ணன் வருந்துவாரென்று அவரும் சொல்லவில்லை. இத்தனை காலம் கழித்து, இதை எழுதுக என்று அவரே இப்போது சொல்கிறார்.

தேவியாரையும் அதே போலப் பஞ்சுமேல் பஞ்சாக அடுக்கிய மெத்தையில் கிடத்தினார்கள். காயலின் ஒளி கூரையில் மெல்ல மெல்ல நெளிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடியே அவர் உறங்குவார். விழித்தால் அதே ஒளி, அதே நெளிவு. காலை எது, மாலை எது என்பது கலங்கிப் போயிற்று. கனவில் தந்தையார் நீருக்கடியில் நடந்து வருவார். எழுந்து வா என்கிறாரா, இங்கே வா என்கிறாரா என்பது மட்டும் கேட்காது. வலி குறையவும் இல்லை. திரும்பிப் படுக்கவே அவர் அஞ்சத் தொடங்கினார். அஞ்ச அஞ்ச உடல் இறுகியது. இறுக இறுக வலி கூடியது.

சாளரத்துக்கு வெளியே கரையும் உறங்கியது. புல் முளைத்தது, புல்லுக்குள் நாரைகள் முட்டையிட்டன. பார்க்கக் கொள்ளை அழகு. ஒருநாள் பனி விலகுகையில் அந்தப் புல்லுக்குக் கீழே, கழனிப் பக்கமாக, ஓரிடத்தில் மண் கறுத்து ஈரம் கசிவதைத் தேவியார் கண்டார். அன்றாடம் ஆளும் மாடும் மிதித்து இறுக்கிய கரை, மிதிப்பாரின்றி நெகிழ்ந்துவிட்டது. நண்டு வளைகளை மூடுவாரும் இல்லை. ஓய்வு கொடுத்தே கரையைக் கொல்கிறோம் என்று அவர் கூவினார். அவைக்குத் தலை சுற்றியது. கரையைத் திறக்க வேண்டுமானால் தேவியார் நடக்க வேண்டும், தேவியாரோ திரும்பிப் படுக்கவும் இயலாதவர், வேறு வழி நூலில் இல்லையே என்று மூத்தோர் கையைப் பிசைந்தனர். அன்று அவர் கேட்டது ஒன்றுதான்: படுக்க வைக்கும் மருத்துவர்கள் போதும், நடக்க வைக்கும் மருத்துவர் எங்கேனும் உண்டா?

இந்த ஏடும் முடிந்தது. வேந்தர் சற்று அமர்ந்து மூச்சுவாங்கலாம். பிறகு ஓலை வாசிப்போன் அறையின் வாசற்படிக்குச் செல்வான், அங்கே வந்தருள்க.

அவ்வாறு தேடி வரவழைக்கப்பட்ட எயினி மேற்கடற்கரையின் மருத்துவச்சாலையில் உடலின் அசைவையே பாடமாகக் கற்றவர், தேவியாரின் வயதினர். குரல் பெரிது, நடை அதைவிட வேகம். அரண்மனையில் எல்லாரும் கிசுகிசுத்தே பழகியிருந்த நேரத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் நாடியைப் பிடித்துக் கண்ணை மூடவில்லை. கேள்விகள் கேட்டார். காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், உள்ளங்காலில் கீறினார். நாடாளும் பாதத்தைக் கீறுவதா என்று அரண்மனை மருத்துவர்கள் பதறினார்கள். தேவியாருக்கோ கூச்சம் பொறுக்காமல் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அரண்மனைக்கு மறந்துபோயிருந்த ஒன்று.

முதுகு முறியவில்லை என்றார் எயினி. அது பயந்துபோயிருக்கிறது, படுத்தே கிடந்ததால் சோம்பியும் போயிருக்கிறது. வலிக்கிறது என்பது மெய், ஆனால் வலிக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ உடைகிறது என்று எண்ணுவது பொய். மெதுவாக அசைத்துப் பழக்கினால் அது மீண்டும் தங்களை நம்பும். இவ்வாறு கூறிவிட்டு, முதல் வேலையாக மெத்தைகளை எடுத்தெறியச் சொல்லி, கயிற்றுக் கட்டிலில் பாயும் ஒற்றை விரிப்பும் போடச் செய்தார்.

பின்னர் நடந்ததை முழுதும் எழுதினால் அவையின் மானம் போய்விடும். ஆயினும் தேவியார் எழுதச் சொல்கிறார். மல்லாந்து முழங்கால் மடக்கி, இடுப்பைப் பாயோடு அழுத்தியும் தளர்த்தியும் மூச்சுவிட்டார். ஒவ்வொரு முழங்காலாக மார்போடு அணைத்துக்கொண்டார். சில நாளில் தோளும் பாதமும் மட்டும் தரையிலிருக்க இடுப்பைப் பாலம்போல உயர்த்தினார். அதற்குப் பின்தான் பெரிய கலகம் மூண்டது. இரு கையும் இரு முழங்காலும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதைப் போல முதுகை மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் பழக வேண்டும் என்றார் எயினி. கோலேந்தும் தேவியார் நாற்காலியாக நிற்பதை அமைச்சர் காணலாகாதென்று நாங்களெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. தேவியார் மட்டும், பூனைக்கு இருக்கும் உரிமை அரசிக்கு இல்லையா என்று கேட்டு மறுபடியும் வளைந்தார்.

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும், இறுகிய இடங்களைக் கையால் அழுத்தி இளக்குவதும் உண்டு. அது இதமாக இருக்கவே, நாள் முழுதும் இதையே செய்யலாகாதா என்று தேவியார் குழைந்து கேட்டார். எயினி மறுத்தார். என் கை கதவைத் தட்டத்தான் முடியும், திறந்துகொண்டு வெளியே வர வேண்டியவர் தாங்கள் என்றார். வேந்தர் இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இப்போது முற்றம். வெயில் இருக்குமாயின் நல்லது. சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதில் இழிவு இல்லை.

எல்லாம் நேர்க்கோடாக ஏறிப் போகவில்லை. நடைகூடத்தில் தூணுக்குத் தூண் நடந்து, பிறகு தோட்டம்வரை நடந்து, தேவியாருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எயினி இல்லாத வேளையில், தாமே தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதாகச் சொல்லி நிறைகுடத்தைக் கை நீட்டித் தூக்கினார். வலி பழையபடி பிடித்துக்கொண்டது. அன்றைக்கென்று மேற்கே முதல் கருமேகமும் எழுந்தது. துயில்மாடத்துக்குப் படகைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள். துடுப்புக்குத் துணி சுற்றும் ஓசை தேவியாரின் காதில் விழுந்தது. என்னையும் அங்கே கொண்டுபோய்விடுங்கள், சாளரத்தில் கையை யாராவது அசைத்துக்கொள்ளட்டும் என்று அவர் பாயில் முகம் புதைத்து அழுதார்.

எயினி அஞ்சவில்லை. வலி திரும்பி வந்திருக்கிறது, அதற்காகத் தாங்கள் பழைய நிலைக்கே திரும்பிப் போய்விட்டதாக அர்த்தமில்லை என்றார். இன்று பாதி செய்வோம்; பாதியும் முடியாவிட்டால் கால்வாசி; ஒன்றுமே செய்யாமல் கிடப்பது மட்டும் வேண்டாம் என்றார். அன்று தேவியார் மூச்சுவிடும் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் ஒரு தூண் தூரம் நடந்தார். குடம் தூக்கும் வகையையும் கற்றார்: பொருளை உடம்போடு அணைத்து, முதுகை மடிக்காமல் இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கி எழுவது. குடத்திடம் தோற்றவர் குடத்திடமே பாடம் கேட்டார்.

மேகம் காயல்மேல் கவிந்திருந்த ஒரு காலையில் தேவியார் கரையின் தலையில் வந்து நின்றார். நாரைகள் எழுந்து பறந்தன. பல்லக்கு பின்னால் வந்தது, படகு பக்கத்தில் வந்தது, அவை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. அவர் புல்லில் கால் வைத்தார். பனிக்குள் கரை எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை; நீருக்கும் வானுக்கும் நடுவே ஒரு பச்சைக் கோட்டில் அவர் போய்க்கொண்டே இருந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்தது. பல்லக்குத் தூக்கிகள் ஓடினார்கள். அவர் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். இரு கையையும் இடுப்பில் வைத்து மெல்லப் பின்னே சாய்ந்தார், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றினார், நீளமாக மூச்சுவிட்டார். தீவுச் சாளரம் நேரெதிரே தெரியும் இடம் அது. அவர் அதைப் பார்த்தார். பிறகு தம் கையைத் தாமே உயர்த்தி அசைத்துவிட்டு, மேலே நடந்தார்.

கடைமதகை அவர் தொட்டதும் முரசு முழங்கியது. அதற்குள்ளாகவே மக்கள் கரைமேல் ஏறிவிட்டார்கள். மண் சுமந்தவர்களும் மாடு ஓட்டியவர்களும் ஆடி மிதித்த பிள்ளைகளுமாக ஊரே கரையை இறுக்கியது. கசிந்த இடத்தைக் களிமண்ணால் அடைத்தார்கள். அன்று மாலை மழை இறங்கியது. கரை நின்றது. எங்கள் தேவியாரும் நின்றார். நாங்கள் நனைந்துகொண்டே சிரித்தோம். அழுதோம் என்பதும் உண்மைதான்.

வலி அடியோடு ஒழிந்ததா என்று தாங்கள் கேட்பீர்கள். பொய் எழுத இந்த எழுத்தாணிக்குப் பழக்கமில்லை. அது எப்போதாவது விருந்தாளியைப் போல வரும். தேவியார் அதற்கு அஞ்சி வாசலை அடைப்பதில்லை, வந்துவிட்டதே என்று படுக்கை விரித்துக் கொடுப்பதும் இல்லை. அன்றாடப் பயிற்சியையும் நடையையும் விடாமல் செய்கிறார்; அது தானே கிளம்பிப் போய்விடுகிறது. கரையும் இப்போது ஒருநாளும் மூடப்படுவதில்லை. அரசர் நோயுற்றால் ஊரார் எல்லாரும் சேர்ந்து கரைமேல் நடக்க வேண்டும் என்று விதி மாற்றப்பட்டுவிட்டது.

இனிக் கடைசி ஏடு. அதை வாசிக்கும் இடம் தங்கள் கோட்டையின் தலைவாயில். முற்றத்திலிருந்து அது அதிக தூரமில்லை என்று தேவியார் சொல்கிறார். சிறுவயதில் தாய்மாமன் வீட்டுக்கு விருந்து வந்த காலத்தில் தங்களைத் துரத்திக்கொண்டு அங்கே ஓடியிருக்கிறாராம். இம்முறை ஓட வேண்டாம். நின்று நின்று, மூச்சுவிட்டு மூச்சுவிட்டு வந்தருள்க. வாசிப்போன் காத்திருப்பான்.

தாங்கள் கேட்டருளிய மெத்தையை அனுப்ப இயலவில்லை. மழை விட்டதும் தேவியார் தீவுக்குப் போய், தந்தையாரின் மெத்தையைக் கரைக்குக் கொண்டுவரச் செய்து, தம் கையாலேயே அதன் தையலைப் பிரித்தார். இத்தனை ஆண்டும் அடைபட்டுக் கிடந்த பஞ்சு காற்றில் எழுந்து, காயல் முழுவதும் வெள்ளையாக மிதந்து போயிற்று. தந்தையார் கிடந்த கட்டிலின் கால்களை வழிநடப்போர் சாய்ந்து இளைப்பாறுவதற்காகக் கரையோரம் நட்டிருக்கிறோம். துயில்மாடத்தின் சாளரங்களைத் திறந்துவைத்தோம். அதில் இப்போது நாரைகள் குடியிருக்கின்றன.

மெத்தைக்கு ஈடாக மருத்துவி எயினியை அனுப்புகிறோம். அவர் சொல்வதைச் செங்குன்றத்து மருத்துவர்கள் செவிமடுக்க. மறுப்போர் சுவரைப் பார்த்து நிற்க. வேந்தர் நாளும் சிறிது நடக்க. நடக்க முடியாத நாளில் சிறிதாவது அசைக. வரும் ஆம்பல் பூக்கும் நாளில் நெடுங்கரைக்கு வந்து, தங்கையோடு கடைமதகு வரை நடந்தருள்க. இது தேவியாரின் வேண்டுகோள். தாங்கள் மறுப்பீராயின் இதுவே கட்டளை.

செங்குன்றின் அடிவாரத்துத் தங்கலில் எழுதி, ஆம்பல் முத்திரை பொறிக்கப்பட்டது. மலைமேல் ஏறப் போகிறது முத்திரை. முத்திரைக்கு உடையவரும் பின்னாலேயே ஏறுவார். பல்லக்கு அடிவாரத்திலேயே வெறுமனே கிடக்கும். நீர் தாழ்க, நெல் உயர்க, அண்ணனும் தங்கையும் நிமிர்ந்து வாழ்க.

முத்திரைக்குக் கீழே இருப்பது, மலை ஏறிய பின் தேவியார் தம் கைப்பட எழுதியது:

அண்ணா, நான்தான். கதவுக்கு வெளியே நிற்கிறேன். மலை ஏறிக் கால்தான் வலிக்கிறது, இடுப்பு வலிக்கவில்லை. இவ்வளவு தூரம் நீ நடந்து வந்துவிட்டாய், இன்னும் ஒரு கதவுதானே. ஆளை விட்டுத் திறக்கச் சொல்லாதே. தாழ்ப்பாளை நீயே எடு.